கறுப்பில் எது எண்ணெய்?

கடல் இராத்திரியில் கறுப்பு. கப்பல் எண்ணெயும் கறுப்பு. அப்படியிருக்க, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஒரு செயற்கைக்கோள், மேகத்தையும் இருட்டையும் தாண்டி, எண்ணூர்க் கடலில் இது எண்ணெய், இது தண்ணீர் என்று எப்படிப் பிரிக்கிறது? படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்று நாம் சொல்லிவிடுவோம். கணினிக்குப் பார்க்கத் தெரியாது. அதன் கையில் இருப்பது கோடிக்கணக்கான எண்கள் மட்டும். அந்த எண்களுக்கு நடுவே ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் கடல் என்று சொல்ல வேண்டும். கோட்டை எங்கே கிழிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இரண்டு கப்பல்கள்

2017 ஜனவரி 28, சனிக்கிழமை. பொழுது விடியுமுன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த 'பிடபிள்யூ மேப்பிள்' ஒன்று. பெட்ரோலியப் பொருள்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்' மற்றொன்று. எண்ணெய் எதுவும் சிந்தவில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. கரைக்கு வந்த அலை வேறு விதமாகச் சொன்னது. சிந்தியது கப்பல் எஞ்சினுக்கு ஊற்றும் கனத்த எரிஎண்ணெய். தார்போலக் கெட்டியாகி, வாடைக் காற்றோடு தெற்கே நகர்ந்து, எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கல்லிடுக்குகளில் போய் அடைந்தது. மெரினாவையும் தாண்டிப் போனது.

அந்தக் கல்லெல்லாம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியவை. சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து அதற்கு வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை தேய்ந்துகொண்டே வந்ததால், தூண்டில் வளைவுகளும் கற்சுவர்களும் போட்டார்கள். அலையைத் தடுக்கப் போட்ட கல், எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டது. உறிஞ்சு எந்திரங்கள் அந்தக் குழம்புக்கு முன் திணறின. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் துப்புரவுத் தொழிலாளர்களும் பக்கெட்டால் அள்ளினார்கள்.

பக்கெட்டோடு ஆளை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டுமானால், எண்ணெய் இப்போது எங்கே இருக்கிறது, நாளை எங்கே போகும் என்று தெரிய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையம் காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துக் கணித்துச் சொல்கிறது. முதல் கேள்விக்கு உதவுவது ரேடார் படம்.

ரேடாரின் கறுப்பு

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 2014-இல் ஏவப்பட்டது. அது சூரிய ஒளியை நம்பியிருப்பதில்லை. தானே சுமார் 5.5 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளைச் சாய்வாகக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. நம் நாட்டின் ரிசாட்-1 இதே வகை. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் வரும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2012-இல் ஏவப்பட்டது.

ரேடார் படத்தில் கறுப்பு என்றால் நிறம் கறுப்பு என்று பொருள் இல்லை. சிற்றலைகள் நெளியும் கடல், வந்த அலையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பும். படத்தில் அது வெளுத்த சாம்பலாகத் தெரியும். கடல்மேல் எண்ணெய் படர்ந்தால் சில சென்டிமீட்டர் நீளமேயான அந்தச் சிற்றலைகள் அடங்கிவிடும். மழமழப்பான பரப்பில் பட்ட ரேடார் அலை அப்படியே எதிர்ப்பக்கம் வழுக்கிப் போய்விடும். செயற்கைக்கோளுக்கு ஒன்றும் திரும்பி வராது. அந்த 'ஒன்றும் வரவில்லை' என்பதே கறுப்பு. ஆகவே கறுப்பில்லாத நல்லெண்ணெயைக் கொட்டினாலும் ரேடார் படத்தில் கறுப்பாகத்தான் விழும்.

கப்பல் இதற்கு நேர் எதிர். இரும்புச் சுவர்களும் மூலைகளும் அலையை முழுவேகத்தில் திருப்பியடிக்கும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் ரேடார் படத்தில் பளீரென்ற வெள்ளைப் பொட்டுகள். இந்த வெள்ளைப் பொட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தொல்லை கொடுக்கப் போகின்றன.

கோடு கிழிப்பது எங்கே

வழக்கமான சாம்பல் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. இந்த எண்ணைச் சாயல் என்போம். எந்தச் சாயலில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணி வரிசையாக எழுதினால் அது சாயல் பட்டியல். எந்தச் சாயலுக்குக் கீழே இருப்பவை எண்ணெய் என்று முடிவு செய்கிறோமோ அது வெட்டு. இப்படிப் படத்தைப் பொருளுள்ள பாகங்களாகப் பிரிப்பதற்குப் படப்பகுப்பு என்று பெயர்.

சாயல் 60-இல் வெட்டலாமே, எப்போதும் அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. காற்று கொஞ்சம் ஓய்ந்தால் கடல் முழுவதும் கறுக்கும். செயற்கைக்கோள் பார்க்கும் சாய்வு மாறினால் எல்லாச் சாயலும் மாறும். ஒரே படத்திலேயே ஒரு ஓரம் வெளுத்தும் மறு ஓரம் கறுத்தும் இருக்கும். நேற்றைய படத்துக்குப் பொருந்திய வெட்டு இன்று திருவொற்றியூர்க் கடல் மொத்தத்தையும் எண்ணெய் என்று சொல்லிவிடும். வெட்டு எங்கே என்பதை ஒவ்வொரு படமும் தானே சொல்லியாக வேண்டும். அதைப் படத்திடமிருந்து கேட்டு வாங்கும் வழிகளில் ஒன்று என்ட்ரோபி.

காசிமேட்டுக் கூடை

என்ட்ரோபி என்ற சொல்லை ஜெர்மானியர் கிளாசியஸ் 1865-இல் வெப்பத்தைப் பற்றிப் பேசுவதற்காக உண்டாக்கினார். 1948-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன், தொலைபேசிச் செய்திகளை அளக்க அதே பெயரை எடுத்துக்கொண்டார். நமக்கு வேண்டியது ஷானனுடையது. இனி அதை வியப்பளவு என்கிறேன்.

காசிமேட்டில் ஏலத்துக்கு வந்த ஒரு கூடை முழுக்க நெத்திலி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறீர்கள். என்ன மீன் என்று பக்கத்திலிருப்பவர் கேள்வியே கேட்காமல் சொல்லிவிடுவார். வியப்பளவு சுழியம். இன்னொரு கூடையில் சங்கரா, கானாங்கெளுத்தி, காரப்பொடி, நெத்திலி நான்கும் சமமாகக் கலந்திருக்கின்றன. இப்போது ஆம், இல்லை என்ற பதில் மட்டும் வாங்கிக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இரண்டு கேள்வி தேவை. "சங்கராவோ கானாங்கெளுத்தியோ?" என்று ஒன்று, அடுத்து அந்த இரண்டில் எது என்று ஒன்று. வியப்பளவு 2. கூடையில் முக்கால்வாசி நெத்திலியாக இருந்து மற்றவை கொஞ்சம் கொஞ்சம் என்றால் வியப்பளவு இரண்டுக்கும் குறைவு, ஏனென்றால் பெரும்பாலும் நெத்திலி என்றே சொல்லிவைக்கலாம்.

வியப்பளவு என்பது இவ்வளவுதான்: ஏறக்குறைய, தேவைப்படும் கேள்விகளின் சராசரி. வகை கூடக் கூட அது ஏறும்; எல்லா வகையும் சமமாக இருக்கும்போது உச்சத்தில் நிற்கும்.

இதைப் படத்தை வெட்டப் பயன்படுத்தலாம் என்று 1980-இல் தியெரி புன் எழுதினார். அதைத் திருத்தி, இன்றும் பாடத்தில் இருக்கும் வடிவத்தைக் கொடுத்தவர்கள் கபூர், சாஹு, வாங் என்ற மூவர், ஆண்டு 1985. முதலாமவர் ஜே.என். கபூர், ஐஐடி கான்பூரின் கணிதப் பேராசிரியராக இருந்தவர், இந்த வியப்பளவுக் கணிதத்தில் புத்தகமே எழுதியவர். படப்பகுப்பு ஆய்வுக் கட்டுரைகளில் உலகெங்கும் 'கபூர் என்ட்ரோபி' என்று பெயரோடு அழைக்கிறார்கள். நம்மூர்ப் பொறியியல் மாணவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் யாரென்று தெரிந்து சொல்வது குறைவு.

அவர்கள் சொன்ன விதி எளிது. ஓரிடத்தில் வெட்டு. கறுப்புப் பக்கத்தின் வியப்பளவைத் தனியாகக் கணக்கிடு, வெளுப்புப் பக்கத்தினுடையதைத் தனியாகக் கணக்கிடு, கூட்டு. வெட்டை நகர்த்தி நகர்த்திப் பார். கூட்டுத்தொகை எங்கே அதிகமோ அங்கேதான் வெட்ட வேண்டும்.

நூறு புள்ளிகள்

சிறியதாக ஒரு படம் எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து, மொத்தம் 100 புள்ளிகள். சாயலும் எட்டே எட்டு: 1 மிகக் கறுப்பு, 8 மிக வெளுப்பு. எண்ணூருக்கு வெளியே எண்ணெய் விளிம்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். (எண்கள் நான் போட்டவை, கணக்கு உண்மையானது.)

சாயல் 1-இல் 4 புள்ளிகள், 2-இல் 8, 3-இல் 4, 4-இல் ஒன்றே ஒன்று, 5-இல் 15, 6-இல் 28, 7-இல் 26, 8-இல் 14.

உங்கள் கண் இதற்குள் வெட்டிவிட்டிருக்கும். 1 முதல் 3 வரை ஒரு சின்ன மேடு, 5 முதல் 8 வரை ஒரு பெரிய மேடு, நடுவே 4 பள்ளம். ஆனால் கணினிக்கு மேடு பள்ளம் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் கபூர் முறையின் அழகு. அது கூட்டிப் பார்க்கும், அவ்வளவே.

மூன்றாம் சாயலுக்குப் பின் வெட்டுவோம். கறுப்புப் பக்கத்தில் 16 புள்ளிகள்: 4, 8, 4. அவற்றில் ஒன்றை எடுத்து என்ன சாயல் என்று கேட்க வேண்டும். "இரண்டாவதா?" என்று தொடங்குவோம். பாதித் தடவை ஆம் என்று வந்து ஒரே கேள்வியில் முடிந்துவிடும். மற்றப் பாதியில் "முதலாவதா?" என்று இன்னொன்று. சராசரி ஒன்றரை. வெளுப்புப் பக்கத்தில் 84 புள்ளிகள், ஐந்து சாயல்கள். அங்கே இப்படிக் கைக்கணக்காக வராது, லாகரிதம் போட்டால் 2.00 வருகிறது. கூட்டினால் 3.50.

இப்போது நான்காம் சாயலுக்குப் பின் வெட்டுவோம். பள்ளத்தில் நின்ற அந்த ஒற்றைப் புள்ளி கறுப்புப் பக்கம் வந்துவிடுகிறது. கறுப்பின் வியப்பளவு 1.73. வெளுப்பில் 1.93. கூட்டு 3.67.

ஐந்தாம் சாயலுக்குப் பின்: 1.92, 1.53, கூட்டு 3.45. இறங்கிவிட்டது. மற்ற இடங்களையும் போட்டுப் பார்த்தேன். முதல் சாயலுக்குப் பின் 2.41, இரண்டாவதுக்குப் பின் 3.10, ஆறாவதுக்குப் பின் 2.95, ஏழாவதுக்குப் பின் 2.29. உச்சம் நான்காவதில்தான். படம் தானே சொல்லிவிட்டது.

ஏன் இப்படி வருகிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். ஆறாம் சாயலுக்குப் பின் வெட்டும்போது கடலின் பெரிய மேடு இரண்டாகப் பிளந்துபோகிறது. வெளுப்புப் பக்கம் மிஞ்சுவது இரண்டே சாயல். அதன் வியப்பு ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். கறுப்புப் பக்கத்துக்குக் கூடுதல் சாயல் போய்ச் சேர்ந்தாலும் அந்த இழப்பு ஈடாகாது, ஏனென்றால் அங்கே வந்து சேர்ந்த கடல் புள்ளிகள் எண்ணிக்கையில் மிகுந்து எண்ணெய்ப் புள்ளிகளை அமுக்கிவிடுகின்றன. இரண்டாம் சாயலில் வெட்டினால் எண்ணெய்க்கு அதே கதி. இரு தரப்பும் தத்தம் சாயல்களை முழுசாக வைத்துக்கொள்ளும் இடத்தில்தான் கூட்டு உச்சம் பெறுகிறது.

ஆக 17 புள்ளிகள் எண்ணெய். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று வைத்தால் 1,700 சதுர மீட்டர், ஏறக்குறைய 42 சென்ட். இது பரப்பு மட்டுந்தான். படலம் எவ்வளவு தடிமன் என்று ரேடாரின் கறுப்பு சொல்லாது. பரப்பைக் காட்டி இத்தனை டன் என்று பேசுகிறவர்களை நம்புமுன் தடிமனை எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

நாலு புள்ளிகளின் அட்டகாசம்

இதே துண்டின் ஓரத்தில் இப்போது ஒரு கப்பல் வந்து நிற்கட்டும். அதனால் கூடுவது நாலே புள்ளிகள். கப்பலின் வெளுப்பு ஒரே சீராக இருக்காது என்பதால் சாயல் 9, 10, 11, 12 என்று புதிதாக நான்கு சாயல்களில் ஆளுக்கொன்று. கடலும் எண்ணெயும் இருந்தபடியே இருக்கின்றன.

பழைய இடத்திலேயே, நான்காம் சாயலுக்குப் பின், வெட்டினால் கூட்டு 3.94. எட்டாம் சாயலுக்குப் பின் வெட்டினால் 4.56. வெட்டு ஓடிப்போய்க் கப்பலோடு ஒட்டிக்கொண்டது. எண்ணெயும் கடலும் ஒரே பக்கத்தில் கலந்துகிடக்கின்றன.

காரணம், கபூர் முறைக்குக் கூட்டத்தின் அளவு பொருட்டில்லை. 4 புள்ளிகள் நான்கு சாயலில் சமமாகப் பரவியிருந்தால் அவற்றின் வியப்பளவு 2; நாற்பதாயிரம் புள்ளிகள் அப்படிப் பரவியிருந்தாலும் அதே 2. சின்னக் கூட்டத்தையும் மதிக்கும் இந்தக் குணம்தான் பரந்த கடலில் மெலிந்த எண்ணெய்க் கோட்டைக் கண்டுபிடிக்க உதவியது. அதே குணம் இப்போது காலை வாருகிறது.

தீர்வு, இரண்டு வெட்டு. கறுப்பு, நடு, வெளுப்பு என்று மூன்று பாகம். எண்ணெய், கடல், கப்பல். பன்னிரண்டு சாயலில் இரண்டு வெட்டுகளை 55 விதமாக வைக்கலாம். அவற்றில் நான்குக்குப் பின்னும் எட்டுக்குப் பின்னும் வைத்தால் கூட்டு 5.67, அதுவே உச்சம். கப்பல் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்க, எண்ணெய் மறுபடி வெளியே வருகிறது.

உண்மைப் படங்களில் மூன்று பாகமும் போதாது. மெல்லிய படலம், தடித்த படலம், அமைதிக் கடல், அலைக் கடல், கப்பல் என்று நாலைந்து வெட்டு தேவைப்படும். 256 சாயல்களில் ஒரு வெட்டுக்கு 255 இடங்கள். இரண்டு வெட்டுக்கு 32,385 ஜோடிகள். மூன்றுக்கு 27 லட்சத்துக்கு மேல். நான்குக்கு 17 கோடி. ஐந்துக்கு 863 கோடி. ஒவ்வொன்றுக்கும் வியப்பளவு கணக்கிட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் எண்ணெய் கரைக்கு வந்துவிடும்.

குயிலும் மின்மினியும்

இங்கேதான் விலங்குகள் உள்ளே நுழைகின்றன. எல்லா இடத்தையும் தேடாமல், நல்ல இடத்தைச் சீக்கிரம் மோப்பம் பிடிக்க, இயற்கையில் உயிர்கள் தேடும் விதத்தைப் பார்த்துச் செய்த வழிமுறைகள் இவை.

1995-இல் சமூக உளவியலாளர் ஜேம்ஸ் கென்னடியும் மின்பொறியாளர் ரஸ்ஸல் எபர்ஹார்ட்டும் சேர்ந்து, பறவைக் கூட்டம் இரை தேடுவதைப் பார்த்து, துகள் திரள் முறையை உருவாக்கினார்கள். நம் படத்துக்கு அதைப் பொருத்தினால் இப்படி இருக்கும். முப்பது 'பறவைகள்'. ஒவ்வொன்றும் ஒரு ஜோடி வெட்டு: ஒன்று 60, 180 என்று நிற்கும், இன்னொன்று 90, 140 என்று. ஒவ்வொன்றின் கூட்டு வியப்பளவும் கணக்கிடப்படும். பிறகு எல்லாம் நகரும். எந்தத் திசையில்? பாதி, தான் இதுவரை கண்டதில் மிகச் சிறந்த இடத்தை நோக்கி; பாதி, கூட்டம் மொத்தமும் கண்டதில் மிகச் சிறந்த இடத்தை நோக்கி; கூடவே வந்த வேகம் கொஞ்சம், தற்செயல் கொஞ்சம். நூறு சுற்று முடிந்தால் 3,000 கணக்கு. இரண்டு வெட்டுக்கு இது பெரிய மிச்சமில்லை. ஐந்து வெட்டுக்கு 863 கோடிக்குப் பதில் சில ஆயிரம் என்றால், அது வேறு கதை. விடை உச்சம்தான் என்று உத்தரவாதம் கிடையாது. பெரும்பாலும் உச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும்.

மின்மினி முறை 2008-இல் வந்தது. அதிக வியப்பளவு உள்ள மின்மினி அதிகம் ஒளிரும், மங்கலானவை அதை நோக்கிப் பறக்கும். அதை உண்டாக்கிய சின்-ஷே யாங், ஒடிசாவில் பணியாற்றிய சுவாஷ் தேப்புடன் சேர்ந்து 2009-இல் குயில் முறையை எழுதினார். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது நமக்குப் பழகிய கதை. இங்கே கூடு என்பது ஒரு விடை, முட்டை என்பது புது விடை. புது முட்டை நன்றாக இருந்தால் பழையதை வெளியே தள்ளும். மோசமான கூடுகளில் ஒரு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் கைவிடப்படும். குயில் சின்னச் சின்ன அடியாக நகர்ந்துவிட்டு எப்போதாவது ஒருமுறை வெகுதூரம் தாவும். அந்தத் தாவல்தான் அதன் பலம், ஒரு சின்ன மேட்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டு இதுதான் மலை என்று நினைக்காமல் அது காப்பாற்றுகிறது.

வௌவால், தேனீ, சாம்பல் ஓநாய், திமிங்கிலம் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. சென்னையிலும் இந்த ஆராய்ச்சி மும்முரமாகவே நடந்திருக்கிறது. செயின்ட் ஜோசப் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த வி. ராஜினிகாந்த், போர்ச்சுகலின் கூசேரோவுடன் சேர்ந்து மின்மினி முறையால் வண்ணப் படங்களைப் பகுத்து 2015-இல் வெளியிட்ட கட்டுரை ஓர் எடுத்துக்காட்டு.

அதே 2015-இல் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் கென்னத் சோரன்சன் இந்த மிருகக்காட்சிசாலையை நன்றாகவே சாடி எழுதினார்: விலங்கின் பெயரை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பல சமயம் பழைய வழிமுறைதான் என்று. எனக்கும் அவர் கட்சிதான். அதற்கு இன்னொரு காரணம் உண்டு. கபூர் முறையில் மொத்த மதிப்பெண் என்பது பாகங்களின் வியப்பளவுகளை வெறுமே கூட்டியது. எனவே சாயல் 0 முதல் 60 வரை, 61 முதல் 180 வரை என்று எந்தத் தொடர் துண்டின் வியப்பளவையும் ஒரே தடவை கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். அப்படி இருக்கக்கூடிய துண்டுகள் மொத்தம் 32,896தான். அவற்றை ஒட்டுப்போட்டு மிகச் சிறந்த சேர்க்கையைக் கண்டுபிடிக்க டைனமிக் புரோகிராமிங் என்ற 1950-களின் முறையே போதும். ஐந்து வெட்டுக்குச் சில லட்சம் கூட்டல்கள். சாதாரணக் கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. கிடைப்பது உச்சத்துக்குப் பக்கம் இல்லை, உச்சமேதான். குயிலுக்கும் ஓநாய்க்கும் நடந்த பந்தயங்களில் பலவற்றில் இந்தப் பழைய ஆளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

அதற்காகத் திரள் முறைகளைத் தூக்கி எறியவும் முடியாது. ரேடார் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் அதிகம். நடுக்கடலில் ஒற்றைப் புள்ளி காரணமில்லாமல் கறுத்திருக்கும். அதனால் புள்ளியின் சாயலோடு அதன் அண்டைப் புள்ளிகளின் சராசரிச் சாயலையும் சேர்த்து வியப்பளவு பார்க்கும் இருபரிமாண முறையை 1989-இல் அபுதலேப் என்பவர் கொடுத்தார். தனியே கறுத்த புள்ளி இதில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் சுற்றியிருப்பவை வெளுப்பு. ஆனால் தேடும் இடம் 256-க்கு 256 என்று விரிந்துவிடுகிறது. பிரேசிலின் சாலிஸ் 1988-இல் முன்வைத்த என்ட்ரோபியும் வெறும் கூட்டலுக்கு அடங்காதது. இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து ஒட்ட முடியாத அளவைகள் வரும்போது குயிலுக்கு வேலை வருகிறது.

எல்லாக் கறுப்பும் எண்ணெய் இல்லை

வெட்டு சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிடைத்திருப்பது கறுத்த பரப்பு. அது எண்ணெய்தானா என்பது தனிக் கேள்வி, வியப்பளவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

காற்று விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் சிற்றலையே எழாது. சுத்தமான கடலும் கறுக்கும். பெருமழை பெய்யும் இடம், பாசி மிதக்கும் இடம், மீன்களும் நுண்ணுயிர்களும் விட்ட இயற்கைக் கொழுப்புப் படலம் எல்லாம் கறுப்புத்தான். மறுபக்கம், காற்று பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் அலை எண்ணெயைக் கலக்கி உள்ளே இழுத்துவிடும், கறுப்பே தெரியாது. எனவே கறுத்த துண்டு ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விளிம்பு கூர்மையா, மங்கலா? நீண்டு ஒல்லியாக, கப்பல் போன தடத்தை ஒட்டிக் கிடக்கிறதா? அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்? அந்த நேரத்தில் அங்கே எந்தக் கப்பல் இருந்தது? 2017-இல் இந்தக் கேள்விகளுக்கு விடை சுலபம். மோதிய இடம் தெரியும், நேரம் தெரியும், காற்றின் திசை தெரியும். இரவோடு இரவாக யாரும் பார்க்காமல் அடித்தொட்டி எண்ணெயைக் கடலில் திறந்துவிட்டுப் போகும் கப்பல்களின் விஷயத்தில்தான் இந்த விசாரணை கஷ்டமாகிறது.

படத்தைப் பகுக்க இப்போதெல்லாம் பலரும், உதாரணப் படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் ஆழ்கற்றல் வலைகளுக்கு மாறிவிட்டார்கள். 2015-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் மருத்துவப் படங்களுக்காக உருவான யூ-நெட் என்ற வலை அமைப்பு ரேடார் படங்களிலும் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு ஏற்கெனவே ஆட்கள் கோடு போட்டுக் கொடுத்த படங்கள் ஏராளமாக வேண்டும். கபூர் முறைக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், கையிலிருக்கும் ஒரே படம் போதும். அதனால் ஒரு கடற்பகுதியில் முதன்முறையாக எண்ணெய் சிந்தும்போது முதல் மணிநேரத்து வேலைக்கு அதை இன்னும் ஓரம் கட்டவில்லை. கோடு போட ஆள் வேண்டிய இடங்களில் முதல் கோட்டை அதை வைத்தே போட்டுவிட்டு ஆட்கள் திருத்துவதும் உண்டு.

முகத்துவாரத்தில்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி வந்தது, இம்முறை கடலிலிருந்து இல்லை. மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்களின் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. அலையாத்திச் செடிகளின் தண்டுகளில் வெள்ளம் ஏறிய உயரம் வரை கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

ரேடார் படத்தை வைத்து இந்த அத்தியாயத்தில் சொன்ன எதுவும் அங்கே சரியாக உதவாது. கழிமுகத்து நீர் காற்றுக்கு மறைவாகக் கிடப்பது. எண்ணெய் இல்லாத நாளிலும் சிற்றலை குறைவு. ரேடார் படத்தில் அந்த நீர்ப்பரப்பு எப்போதுமே கறுப்பு. எண்ணெய் வந்து சேர்ந்தால் கறுப்பின்மேல் கறுப்பு. சாயல் பட்டியலில் இரண்டு மேடுகள் இருக்காது, ஒன்றுதான் இருக்கும். அதன் நடுவில் எங்காவது கபூர் முறை ஏதோ ஓர் உச்சத்தைக் காட்டத்தான் செய்யும், பிரிக்க ஒன்றும் இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது. கால்வாய் சில இடங்களில் ஒருசில புள்ளி அகலந்தான். கரை, அலையாத்தி, பாலம் எல்லாம் அதே புள்ளிகளில் கலந்துவிடும்.

அங்கே வேண்டியது ட்ரோன் தாழப் பறந்து எடுத்த வண்ணப் படம். பகல் வெளிச்சத்தில் எண்ணெயின் பளபளப்பும் நிறமும் அதில் பதிவாகும். அந்தப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாயல் பட்டியல்கள் கிடைக்கும், வெட்டுகளை மூன்றிலும் போடலாம். ட்ரோன் பறக்காத இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும். துடுப்பை நீரில் விட்டு எடுத்தால் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.